ரங்ஸ்டெட் வீட்டுப் பிள்ளைகள்

எனக்கு 45 வயது நடக்கும்போது என் அச்சகத்தை மூடினேன். கும்பகோணத்தில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன அச்சகம். ஒரு டிரெடில் மிஷின், சுவரோரம் எழுத்து கேஸ்கள், இரண்டு கம்பாசிட்டர்கள், நான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம் என்று 19 வருஷம் எங்கள் எல்லோருக்கும் அது சோறு போட்டது. ஆஃப்செட் வந்தபின் வேலை குறைந்தது, கடன் கூடியது. கடைசியில் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டேன். வாங்க வந்தவர் ஒவ்வொரு கேஸாகத் தூக்கிச் சாக்கில் கவிழ்த்தார். ஓர் அறையில் இருப்பது இன்னோர் அறையில் கலந்துவிடக் கூடாது என்று அத்தனை வருஷம் காத்துவந்த எழுத்துகள். அகரமும் ழகரமும் ஒன்றாகச் சரிந்து விழுந்த அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வீட்டில் நான் சொல்லவில்லை. மறுநாள் காலையும் குளித்து, திருநீறு இட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினேன். நூலகம் திறக்கும்வரை மகாமகக் குளக்கரையில் உட்கார்ந்திருப்பேன். திறந்ததும் உள்ளே போய் மாலைவரை எதையாவது படிப்பேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அந்த நாட்களில் கைக்கு அகப்பட்ட ஓர் ஆங்கிலப் புத்தகம், ஆப்பிரிக்காவில் காப்பித் தோட்டம் வைத்து, 17 வருஷம் பாடுபட்டு, எல்லாம் போன பிறகு ஊர் திரும்பிய ஒரு டென்மார்க் நாட்டுப் பெண் எழுதியது. கரென் பிளிக்சன் என்பது அவர் பெயர். அட்டையில் ஐசக் டினேசன் என்று புனைபெயர் போட்டிருந்தது.

நஷ்டப்பட்டவன் நஷ்டப்பட்டவரின் கதையை எப்படிப் படிப்பான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரைத் தேடிப் படித்துக்கொண்டே போனபோது அவருக்குப் பின்னால் ஒரு தந்தை நின்றார். அந்தத் தந்தைக்குப் பின்னால் ஒரு தாத்தா. இருவரும் படை அதிகாரிகள். இன்று எனக்கு 76 வயது. என் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மீசை அரும்பும் பருவத்தில், பூப்பெய்திய பருவத்தில், நான் உட்காரவைத்துச் சொன்ன கதை இது. பிள்ளைகளே, உங்களுக்கும் சொல்கிறேன்.

தாத்தாவின் பெயர் அடால்ஃப் வில்ஹெல்ம் டினேசன். 1807-இல் பிறந்தவர். டென்மார்க்கின் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தவர், 1837-இல் பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து அல்ஜீரியாவுக்குப் போனார். அங்கே பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து நின்றவர் எமிர் அப்துல் காதிர். ஊர் திரும்பிய டினேசன் 1840-இல் அந்த எமிரைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். யாரை எதிர்த்துப் போனாரோ அவரைப் புரிந்துகொள்ள உட்கார்ந்து எழுதுவது எல்லாப் படைவீரருக்கும் வருகிற குணம் அல்ல. அவர் ஜட்லண்ட் பகுதியில் கட்ஹோம் என்ற பண்ணையை, அதன் பழைய கோட்டை வீட்டோடு வாங்கி நிலக்கிழாரானார். டினேசன்கள் பட்டம் பெற்ற பிரபுக்கள் அல்லர். ஆனால் பெண் எடுத்தது வான் ஹாஃப்னர் என்ற பிரபு வீட்டில். உறவும் பழக்கமும் கோமகன்களோடு. துப்பாக்கியும் குதிரையும் புத்தகமும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு அது.

அந்தக் குடும்பத்தில் 1845-ஆம் ஆண்டு டிசம்பர் 19 அன்று பிறந்த மகன்தான் வில்ஹெல்ம் டினேசன்.

1864-இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க் மீது படையெடுத்தன. வில்ஹெல்முக்கு அப்போது 18 வயது. இளம் லெப்டினென்ட். டூப்பல் மேட்டில் டென்மார்க் படை அரண் கட்டிக் காத்திருந்தது. வாரக்கணக்கில் பீரங்கிக் குண்டுகள் விழுந்த பிறகு ஏப்ரல் 18 அன்று பிரஷ்யப் படை பாய்ந்தது. அரண் உடைந்துவிட்டது. மற்றவர்கள் பின்வாங்க அவகாசம் கிடைக்கட்டும் என்று எட்டாம் பிரிகேட் எதிர்த்துப் போனது. போனவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் செத்தும் காயப்பட்டும் பிடிபட்டும் போனார்கள். போரின் முடிவில் டென்மார்க் தன் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தது. 25 ஆண்டுகள் கழித்து, 1889-இல், வில்ஹெல்ம் அந்த எட்டாம் பிரிகேட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 18 வயதில் கண்ணில் பட்டது 43 வயதுவரை உள்ளே கிடந்திருக்கிறது, பாருங்கள்.

தோற்ற வலி அவரை வீட்டில் இருக்கவிடவில்லை. 1870-இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டதும் பிரெஞ்சுப் படையில் போய்ச் சேர்ந்தார். அங்கும் தோல்வி. அதன்பின் பாரிசில் கம்யூன் என்ற புரட்சி அரசு எழுந்ததையும் அது இரத்தத்தில் அடக்கப்பட்டதையும் நேரில் பார்த்தார். 1872-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் காடுகளுக்குப் போய், ஒரு மரக்குடிலில் வேட்டையாடி வாழ்ந்தார். அந்தக் காட்டின் பூர்வகுடிகளோடு அவருக்கு நல்ல பழக்கம். அவர்கள் வழியாக வந்த பெயர் போகானிஸ். ஒரு காட்டுக் கொட்டையின் பெயராம். பின்னாளில் அதையே புனைபெயராக வைத்துக்கொண்டு ‘வேட்டைக் கடிதங்கள்’ என்ற நூலை எழுதினார். காட்டையும் பறவையையும் பருவத்தையும் பற்றி டேனிஷ் மொழியில் வந்த மிக அழகிய உரைநடைகளில் ஒன்று என்று அந்த நாட்டார் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

ஓடி ஓடிக் களைத்தவர் 1879-இல் ஒரு வீடு வாங்கினார். கோபன்ஹேகனுக்கு வடக்கே கடலோரச் சாலையில் ரங்ஸ்டெட்லண்ட் என்ற வீடு. ஒரு காலத்தில் வழிப்போக்கர் தங்கும் விடுதியாக இருந்தது. அதற்கும் நூறு ஆண்டுக்கு முன் யோஹான்னஸ் ஈவால்ட் என்ற பெரும் கவிஞர் அங்கே தங்கி எழுதியிருக்கிறார். வீட்டுக்கு முன்னால் கடல், பின்னால் தோப்பு. 1881-இல் இங்கபோர் என்ற பெண்ணை மணந்தார். செல்வமும் ஒழுக்கமும் உள்ள வணிகக் குடும்பத்துப் பெண். ஐந்து குழந்தைகள் பிறந்தன. இரண்டாவது மகள் கரென். 1885 ஏப்ரல் 17 அன்று பிறந்தவள்.

வில்ஹெல்ம் இந்த இரண்டாவது மகளைத்தான் தனியாக அழைத்துக்கொண்டு தோப்புக்குள் நடப்பார். எது என்ன பறவை, எந்தச் செடிக்கு என்ன பெயர் என்று சொல்லிக் கொடுப்பார். போரில் கண்டதையும், விஸ்கான்சின் காட்டு மனிதர்களையும் பற்றிச் சொல்வார். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு குழந்தைக்கு அப்பாவின் சுண்டுவிரல் தனியாகக் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த என் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் எட்டுப் பேர். என் அப்பா என்னை மட்டும் அழைத்துக்கொண்டு நடந்தது ஒரே ஒரு நாள். திருவிடைமருதூர்த் தேர் பார்க்க. அந்த நாளின் வெயில்கூட எனக்கு நினைவிருக்கிறது.

1892-இல் வில்ஹெல்ம் நாடாளுமன்ற உறுப்பினரானார். மூன்று ஆண்டு கழித்து, 1895 மார்ச் 28 அன்று, கோபன்ஹேகனில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வயது 49. கரெனின் பத்தாவது பிறந்தநாளுக்கு இன்னும் 20 நாள் இருந்தது. தம்பி தாமஸுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. கடைசிக் குழந்தை ஆண்டர்ஸ் அவனுக்கும் இளையவன்.

காரணத்தைப் பற்றிப் பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகமாட்டேன். போனவர் வாய்திறந்து சொல்லாததை இருப்பவர்கள் ஊகித்துச் சொல்வதில் மரியாதை இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் உங்களிடம் அழுத்திச் சொல்வேன். அவரைக் கோழை என்று சொல்லிவிடாதீர்கள். 18 வயதில் டூப்பல் போரைக் கண்டவர். முன்பின் தெரியாத காட்டில் தனியாகக் குளிர்காலம் கழித்தவர். போரைப் பற்றி எழுதினார், கம்யூனைப் பற்றி எழுதினார், காட்டைப் பற்றி எழுதினார். தம் நெஞ்சில் இருந்த பாரத்தை மட்டும் யாரிடமும் இறக்கிவைக்கவில்லை. அந்தக் காலத்துப் படைவீரன் கால் எலும்பு முறிந்தால் முனகலாம், மனம் முறிந்தால் முனகக் கூடாது. ஊமை கண்ட கனவாக உள்ளேயே கிடந்து அது ஆளைத் தின்றுவிட்டது.

இதைப் படித்த நாளில் நூலகத்தில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் குளக்கரைப் படியில் உட்கார்ந்தேன். தூக்குச் சாப்பாட்டைத் திறக்கவும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். “அச்சகம் மூடி ரெண்டு மாசம் ஆச்சு” என்று. அவள் அடுப்படியில் இருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், “தெரியும்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். என் கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே நீட்டிக் காட்டினாள். 19 வருஷம் எந்தச் சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாத மை நகக்கண்ணில் இல்லை. முதல் வாரமே பார்த்துவிட்டாளாம். “நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்” என்றாள். இரண்டு மாதமாக நான் தனியாகச் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பாரத்தை அவளும் எனக்குத் தெரியாமல் சுமந்திருக்கிறாள். நான் மறைத்ததால் அவள் சுமை பாதியாகவில்லை, இரட்டிப்பாகியிருக்கிறது. மறுநாள் கடன் கொடுத்தவர் வீட்டுக்கு இருவருமாகப் போனோம். தவணை கேட்டோம், கிடைத்தது. வேறோர் அச்சகத்தில் புரூஃப் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு வருஷத்தில் கடன் தீர்ந்தது.

பொறுமை பெரிது என்று உங்களுக்குச் சிறுவயது முதல் சொல்லி வளர்த்திருப்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் பொறுப்பது வேறு, பூட்டிவைப்பது வேறு. இன்று இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது நெஞ்சு கனத்தால், அம்மாவிடமோ அண்ணனிடமோ சிநேகிதனிடமோ வாத்தியாரிடமோ வைத்தியரிடமோ இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

இனி அந்த வீட்டில் மிஞ்சியவர்களைப் பற்றி.

இங்கபோருக்கு அப்போது 38 வயது. ஐந்து குழந்தைகள், பெரிய வீடு, ஊர் முழுக்கப் பேச்சு. அவரைப் பற்றிப் புத்தகங்கள் குறைவாகவே பேசுகின்றன. போரில் நின்ற கணவரும், எழுத்தால் உலகறிந்த மகளும், பதக்கம் வாங்கிய மகனும் நடுவில் இருக்கும்போது தாயைப் பார்க்கக் கண் எங்கே இருக்கும்? ஆனால் இந்தக் கதையில் வீட்டு விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். தம் தாயும் தங்கையும் துணை நிற்கப் பிள்ளைகளை வளர்த்தார். பெண்களுக்கு உள்ளாட்சித் தேர்தலில் உரிமை வந்ததும் ஊர் மன்றத்திலும் போய் உட்கார்ந்தார். நான்கு திசைக்கும் பறந்த பிள்ளைகள் சிறகொடிந்து திரும்பினால் வந்து இறங்க ஓர் இடம் இருந்தது என்றால், அது அவர் காத்துவைத்த இடம்.

மூத்த மகன் தாமஸ் பொறியியல் படித்தவர். முதல் உலகப் போரில் டென்மார்க் நடுநிலையாக இருந்தது. இவருக்கோ அப்பாவின் இரத்தம். பல நாட்டுப் படைகளின் கதவைத் தட்டி, கடைசியில் கனடாப் படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். 1918 ஆகஸ்ட் 12 அன்று பிரான்சில் பார்வில்லர் என்ற ஊருக்கு அருகே பத்து மணி நேரம் பதுங்குகுழிச் சண்டை நடந்தது. ஐந்து முறை இவர் தனியாகவே முன்னால் பாய்ந்து எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளை அடக்கினார். பிரிட்டிஷ் பேரரசின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற டென்மார்க்குக்காரர்கள் மிகச் சிலரே. அவருடைய இன்னொரு வீரத்தைப் பற்றி எந்தப் பதக்கத்திலும் பொறித்திருக்கமாட்டார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கரென் 1914 ஜனவரியில் மொம்பாசாவில் கப்பலிலிருந்து இறங்கியதும் ப்ரோர் பிளிக்சன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பிரபுவை மணந்தார். இருவரும் நைரோபிக்கு அருகே நகோங் மலையடிவாரத்தில் காப்பித் தோட்டம் வைத்தார்கள். குடும்பத்தாரின் பணம் அது. தோட்டம் விரிந்து சுமார் 6,000 ஏக்கர் ஆனது. அதில் காப்பி நட்டது 600 ஏக்கர்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பூமி கிகூயூ மக்களுடையது. ஆங்கில ஆட்சி அதை எடுத்து வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்தது. சொந்த மண்ணிலேயே அந்த மக்கள் குடிக்கூலியாக, இத்தனை நாள் வேலை செய்தால்தான் இருக்கலாம் என்ற கட்டுப்பாட்டில் இருந்தார்கள். கரெனின் இழப்பை மட்டும் சொல்லி இதை விட்டுவிட்டால் நான் உங்களுக்குப் பாதிக் கதை சொன்னவனாவேன். நம் மண்ணும் அந்த ஆட்சியை அனுபவித்த மண்தானே.

அந்தத் தோட்டம் ஆரம்பம் முதலே தோற்றது. நிலம் 6,000 அடிக்கும் மேலான உயரம். காப்பிக்கு அந்தக் குளிர் ஒத்துவரவில்லை, மண்ணும் ஒத்துவரவில்லை. காப்பிச் செடி நட்டு மூன்று நான்கு வருஷம் காத்திருந்தால்தான் காய்க்கும். காய்க்கும் வருஷம் மழை பொய்க்கும். மழை பெய்த வருஷம் விலை விழும். 1923-இல் காப்பி பதப்படுத்தும் ஆலை எரிந்து சாம்பலானது. வெட்டுக்கிளியும் வந்தது. பட்ட காலிலே படும் என்பார்களே, அதுதான். இதற்கிடையே திருமணமான முதல் ஆண்டிலேயே கணவர் வழியாக மேகநோய் தொற்றியது. வாழ்நாள் முழுக்க அதன் வலியோடு இருந்தார். 1922-இல் அக்காள் இறந்தார். 1925-இல் மணமுறிவு. கணவர் போன பிறகும் தோட்டத்தைத் தனியாளாக நடத்தினார். 1931 மே மாதம், அவர் உயிராக நேசித்த டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன் ஓட்டிய விமானம் விழுந்து அவரும் போனார். அதே ஆண்டு தோட்டமும் விலைக்குப் போனது. வாங்கியவர் வீட்டுமனைகளாகப் போட நினைத்தார். இன்று நைரோபியில் ‘கரென்’ என்றே பெயர் கொண்ட புறநகர் அங்கேதான் இருக்கிறது.

எல்லாம் கைவிட்டுப் போன அந்தக் கடைசி மாதங்களில் கரென் செய்ததைத்தான் நான் அவருடைய வாழ்க்கையின் உச்சம் என்பேன், புத்தகங்களை அல்ல. தோட்டத்தில் குடியிருந்த கிகூயூ குடும்பங்கள் நிலம் கைமாறியதும் வெளியேற வேண்டும். சட்டத்தில் அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. ஆளுக்கொரு திசையில் சிதறிவிடுவார்கள். அவர்கள் கேட்டது, எங்களைப் பிரிக்காமல் ஒரே இடத்தில் குடிவையுங்கள் என்பதுதான். வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்த, தம் துக்கத்துக்கே நேரம் போதாத ஒரு பெண், நைரோபிக்கும் தோட்டத்துக்குமாக அலைந்து ஒவ்வோர் அதிகாரியின் மேசை முன்னாலும் போய் நின்றார். கடைசியில் அவர்களுக்கு ஒரே இடத்தில் நிலம் கிடைத்தது. பறித்த மண்ணுக்கு அது ஈடாகாது. ஆனாலும் கப்பலேறும் முன் அந்த ஒரு காரியத்தை முடித்துவிட்டுத்தான் ஏறினார்.

1931 ஆகஸ்ட் முடிவில் ரங்ஸ்டெட் வீட்டு வாசலில் வந்து நின்றார். வயது 46. கையில் காசில்லை, உடம்பில் தெம்பில்லை, கணவர் இல்லை, குழந்தை இல்லை. தாய்க்கு 75 வயது. 28 வயதில் கொடி கட்டிக்கொண்டு போன பெண் 46-இல் அம்மா வீட்டுக்கு வந்து நிற்பது எந்த ஊரிலும் சின்ன விஷயம் இல்லை, பிள்ளைகளே. நம் ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கேதான் தாமஸின் இன்னொரு வீரம். கரென் ஆப்பிரிக்காவிலிருந்து அந்த 17 வருஷமும் வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். தாய்க்கு எழுதியவற்றில் தாய் மனம் நோகாதபடி எழுதினார். தம்பிக்கு மட்டும் எதையும் மறைக்கவில்லை. நோயைச் சொன்னார், பயத்தைச் சொன்னார், வாழப் பிடிக்காத நாட்களையும் சொன்னார். தாமஸ் கடிதங்களோடு நிற்கவில்லை. 1920 வாக்கில் கப்பலேறிப் போய்த் தோட்டத்தில் கூடவே இருந்து கொஞ்ச காலம் உழைத்துவிட்டு வந்தார். எல்லாம் முடிந்து ஊர் திரும்பிய அக்காள், இனி எழுதித்தான் பிழைக்க வேண்டும், கொஞ்ச காலம் என்னைத் தாங்குகிறாயா என்று கேட்டபோது, முடியுமா என்று ஒரு கேள்வி கேட்காமல் பணம் கொடுத்தார். நாற்பதைத் தாண்டிய அக்காள், ஒரு முழு நூல்கூட வெளியிடாதவர், கதை எழுதப் போகிறேன் என்றால் எத்தனை தம்பிகள் சரி என்பார்கள்? தந்தைக்கு இப்படி ஒருவர் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் அவர் வாய்திறக்கவில்லை. மகள் வாய்திறந்தார். கேட்கத் தம்பி இருந்தார். பார்வில்லர் பதுங்குகுழியில் பத்து மணி நேரம் நின்றதைவிட, அக்காளின் இருண்ட கடிதங்களை 17 வருஷம் படித்துப் பதில் எழுதியது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தந்தை எழுதிய அதே அறையில், கவிஞர் ஈவால்டின் பெயரால் வழங்கும் அந்த அறையில், கரென் உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் எழுதினார். லண்டனில் ஒரு பதிப்பாளர் மறுத்தார். பெயர் தெரியாத ஆளின் சிறுகதைத் தொகுப்பை யார் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. 1934-இல் நியூயார்க்கில் ‘ஏழு கோதிக் கதைகள்’ வெளிவந்து அமெரிக்கா முழுதும் விற்றது. 1937-இல் ஆப்பிரிக்கத் தோட்டத்தைப் பற்றிய நூல், அதாவது நான் கும்பகோணத்தில் படித்த புத்தகம், வந்தது. 1954-இல் நோபல் பரிசு பெற்ற ஹெமிங்வே, இது ஐசக் டினேசனுக்குப் போயிருந்தால் மகிழ்ந்திருப்பேன் என்ற பொருளில் பேசினார்.

எழுத்து வந்ததால் நோய் விட்டுவிடவில்லை. 1950-களின் நடுவில் வயிற்றில் பெரிய அறுவை நடந்தது. அதன்பின் சரியாகச் சாப்பிட முடியாமல் உடம்பு எலும்புக்கூடானது. உட்கார முடியாத நாட்களில் தரையில் படுத்தபடி சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டார். என் புரூஃப் வேலையில் முதுகுவலி என்று சலித்துக்கொள்ளத் தோன்றும்போதெல்லாம் அந்தத் தரை எனக்கு நினைவுக்கு வரும்.

பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் வம்சம் என்ன ஆயிற்று என்று நம் ஊரில் கேட்பார்கள். கரெனுக்குப் பிள்ளை இல்லை. தாமஸின் மக்கள் வழியே குடும்பம் தொடர்கிறது. அக்காளைப் பற்றித் தாமஸ் தம் முதிய வயதில், 1974-இல், ஒரு சிறு நூல் எழுதினார். அக்காளை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் ‘தான்னெ’. அதையே நூலுக்குத் தலைப்பாக வைத்தார். அவர் 1979-இல் காலமானார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. 1958-இல் கரென் டென்மார்க் வானொலியில் பேசினார். ரங்ஸ்டெட்லண்ட் வீட்டையும் தோப்பையும் ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டதாகவும், தோப்பு இனிப் பறவைகளுக்கான காப்பிடமாக இருக்கும் என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு குரோன் அனுப்புங்கள் என்று கேட்டார். ஒரே ஒரு குரோன். பணக்காரர் ஒருவரிடம் போய் மொத்தமாகக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. 80,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு ஒரு குரோன் அனுப்பினார்கள்.

1962 செப்டம்பர் 7 அன்று அந்த வீட்டிலேயே இறந்தார். தோப்புக்குள், ஈவால்ட் குன்றின் அடியில், பெரிய பீச் மரம் ஒன்றின் நிழலில் அவரைப் புதைத்தார்கள். மேலே சமாதி எதுவும் எழுப்பவில்லை. தரையோடு கிடக்கும் ஒரு கல், அதில் அவர் பெயர். ஒன்பது வயதுவரை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இது என்ன பறவை, அது என்ன பறவை என்று கேட்டபடி நடந்த தோப்பு அது. வசந்தத்தில் தெற்கேயிருந்து வரும் பறவைகள் இன்றும் அங்கே வந்து கூடு கட்டுகின்றன.